சொல்லும்வரை திறக்காதே

நாத்தனார் வீட்டுக்கு அண்ணி வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் மடக்குத் தொட்டில். குழந்தை பிறந்து மாதக்கணக்காகியும் வந்து பார்க்க முடியவில்லையே என்ற மனக்குறையை எல்லாம் அவள் சாமான்களாக்கிச் சுமந்து வந்திருந்தாள். பார்சல் கிடங்கில் பேக்கிங் வேலை அவளுக்கு. யானையைக் கொடுத்தாலும் அட்டைப்பெட்டிக்குள் அடக்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி அனுப்பிவிடுவாள் என்று அவள் புருஷன் கேலி செய்வான். ஊருக்குக் கிளம்பும்போதுகூட ஒரு டேப் உருண்டையும் கத்தியும் பைக்குள் இருக்கும். அவளிடம் கேட்டால், சிலருக்கு விபூதி மாதிரி, சிலருக்குத் தைலம் மாதிரி, எனக்கு இது என்பாள்.

பழைய மாடி வீடு. கீழ் வீடு காலியாகப் பூட்டிக் கிடந்தது. மேலே நாத்தனார், அவள் புருஷன், பொடியன் மூன்று பேர்தான். இவ்வளவு பெரிய வீட்டுக்கு இவ்வளவு குறைந்த வாடகையா என்று அண்ணி வாயைப் பிளந்தாள். தெருக்கோடியில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இரைந்துகொண்டிருக்கும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரும் வருவதில்லை என்றாள் நாத்தனார். அவள் புருஷனுக்கு அங்கேதான் வேலை. நடந்து போய் நடந்து வரலாம். இரைச்சலாவது கிரைச்சலாவது என்று வந்துவிட்டார்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நடுவில் ஒரு அறை வந்தது. ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு வெளிச்சத் துவாரம் மட்டும். பழைய மெத்தையும் பெட்டிகளும் போட்டு வைத்திருந்தார்கள். மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு அடைந்த வாடை. அண்ணி கதவு நிலையில் கை வைத்தவள், வைத்த கையை எடுக்காமல் தடவிப் பார்த்தாள். வர்ணத்துக்கு அடியில் பட்டை பட்டையாக ஏதோ தட்டுப்பட்டது. டேப் ஒட்டிக் கிழித்த பசை. நிலை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒன்றன்மேல் ஒன்றாக. வர்ணம் அடிக்கிறவர்கள் ஒட்டியிருப்பார்கள் என்றாள் நாத்தனார். இருக்கலாம் என்று அண்ணியும் விட்டுவிட்டாள். வர்ணக்காரர்கள் அறைக்கு உள்பக்கம் நின்றுகொண்டு கதவின் சந்தை எதற்காக அடைக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு அப்போது அவளுக்குப் பொறுமை இல்லை. பொடியன் அவள் தோளில் எச்சில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த நெடி வந்தது.

நீச்சல் குளத்துப் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அது. கழிவறை மருந்தைக் கொட்டிவிட்டாயா என்று அண்ணி கேட்டாள். இல்லையே என்று நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் தெருக்கோடியில் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது. கூடவே போன் அடித்தது. அவள் புருஷன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"குளோரின் சிலிண்டர் வால்வு உடைஞ்சிருச்சு. வெளிய ஓடி வராதீங்க. அது கனமான காத்து, தரையோட தவழும், கீழ எறங்கவே கூடாது. ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு நடு ரூமுக்குள்ள போயிடுங்க. சந்து பொந்து எல்லாத்தையும் அடைங்க. நாங்க சொல்ற வரைக்கும் கதவத் திறக்காதீங்க."

நீங்க எங்க இருக்கீங்க என்று நாத்தனார் கேட்டது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, போன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் கிடைக்கவில்லை.

அண்ணிக்குப் பதற்றம் வந்தால் கைதான் முதலில் வேலை செய்யும். ஜன்னல்களை அறைந்து சாத்தினாள். சமையலறைக் காற்றாடியை நிறுத்தி அதன் வாயைத் துணியால் அடைத்தாள். குடிதண்ணீர், டார்ச், ஈரத்துண்டுகள், குழந்தைக்கு மாற்றுத்துணி, மெத்தை வந்த கறுப்பு பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் அள்ளி நடு அறைக்குள் எறிந்தாள். நாத்தனாரையும் குழந்தையையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்ததால் உள்ளே அரையிருட்டு. டார்ச்சைப் பெட்டிமேல் நிறுத்திவிட்டு டேப்பை எடுத்தாள்.

கிடங்கில் பேக்கிங் வேலைக்கு எப்போதும் ஜோடியாகத்தான் நிற்பார்கள். ஒருத்தி டேப்பை இழுப்பாள், இன்னொருத்தி பின்னால் நின்று பெட்டியின் வாயை அமுக்கிப் பிடிப்பாள். இழுப்பவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கையைப் பின்னால் நீட்டினால் போதும், கத்தியோ டேப்போ கைக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் பழகிப்போன கை. முதலில் பிளாஸ்டிக்கை விரித்துத் துவாரத்தை மூடினாள், இருந்த வெளிச்சமும் போனது. பிறகு கதவு. அடியில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு மேல் மூலையிலிருந்து டேப்பை இழுத்தாள். பிர்ர்ர் என்று கிழிபடும் சத்தம் அந்தச் சின்ன அறையில் காதைத் துளைத்தது. முனையை யாரோ அமுக்கிப் பிடித்தார்கள். கையைப் பின்னால் நீட்டினாள். கத்தி வந்தது. அறுத்தாள், திருப்பி நீட்டினாள், வாங்கிக்கொண்டார்கள். நல்ல ஜோடி. கிடங்கில்கூட இப்படி ஒருத்தி வாய்த்ததில்லை.

முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே, பரவாயில்லையே, உன்னை எங்க கிடங்குல சேத்துவிட்டுரலாம் போல என்றாள்.

"என்ன அண்ணி?" என்று குரல் வந்தது.

அறையின் எதிர் மூலையிலிருந்து.

நாத்தனார் மெத்தையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் அங்கிருந்து எழவே இல்லை.

அண்ணி கையைப் பார்த்தாள். கத்தி இல்லை. டார்ச்சை எடுத்துத் தரையெல்லாம் தேடினாள். கதவோரத்தில், மடக்கி, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கத்தியை எடுத்து இடுப்பில் சொருகினாள். பச்சை உடம்புக்காரியிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்துவதா? வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வெளியே சங்கு நின்றுவிட்டது. அது ஊதிக்கொண்டிருந்தாலாவது தேவலை என்று தோன்றியது. பொடியன் தூங்கினான். நாத்தனார் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். பேட்டரி தீர்ந்துவிடும், வைத்துவிடு என்று அண்ணி சொன்னாள். அதிகம் பேச வேண்டாம், உள்ளே இருக்கிற காற்று நமக்கு மூன்று பேருக்கு என்றும் சொன்னாள். சொல்லும்போதே அந்தக் கணக்கு சரிதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. டார்ச்சை அணைத்தார்கள்.

இருட்டில் மூச்சுகள் கேட்டன. குழந்தையுடையது பூனைக்குட்டி மாதிரி. நாத்தனாருடையது அழுகையை அடக்கிக்கொண்டு விட்டு விட்டு. அண்ணி தன் மூச்சைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள்.

இன்னொன்று இருந்தது.

நீளமாக, இழுத்து, மிச்சம் பிடித்து விடுகிற மூச்சு. ரொம்ப நாள் சிக்கனமாக மூச்சு விட்டுப் பழகியவர்கள் விடுகிற மாதிரி.

"எப்ப அண்ணி சொல்வாங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

"இன்னும் சொல்லல."

பதில் சொன்னது அண்ணி இல்லை. நாத்தனாருக்கு அது தெரியவில்லை. ம் என்று பெருமூச்சு விட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். அண்ணி குழந்தைமேல் கை வைத்து அப்படியே இருந்தாள். அவள் பயந்தாள். வாழ்க்கையில் அவள் இதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது புரிந்தது. வெளியே போனால் நஞ்சு. உள்ளே இது. டேப்பை ஒட்டி அதையும் சேர்த்து உள்ளே அடைத்தவள் அவள்தான்.

பிர்ர்ர்.

கதவுப் பக்கமிருந்து வந்தது. மெதுவாக, பொறுமையாக. டேப் உருண்டை அண்ணியின் மடியில் இருந்தது.

பிர்ர்ர்.

டார்ச்சைப் போடலாம். போட்டால் பார்க்க வேண்டியிருக்கும். அவள் போடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, காற்று கனத்துக்கொண்டு வந்தது. தலைக்குள் யாரோ பஞ்சைத் திணிப்பது போலிருந்தது. அப்போது போன் ஒரு தரம் மின்னியது. நாத்தனார் புருஷன் அனுப்பிய செய்தி. முடிந்துவிட்டது, வால்வை அடைத்துவிட்டோம், அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு உடனே வெளியே வாருங்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன். தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கி வண்டியும் அதையே சொல்லிக்கொண்டு போனது. அடுத்த தெருவோடு அது திரும்பிவிட்டது.

நாத்தனார் உடைந்து அழுதாள். அண்ணி எழுந்து டார்ச்சைக் கதவின்மேல் அடித்தாள்.

அவள் ஒட்டியது ஒரு சுற்று. இப்போது மரமே தெரியவில்லை. மஞ்சள் பூத்துப் பொரிந்த பழைய டேப், குறுக்கும் நெடுக்குமாக, தாழ்ப்பாளை மூடி, கீலை மூடி, பட்டையடித்த மாதிரி ஒட்டிக் கிடந்தது.

கத்தியால் கிழித்தாள். கிழித்ததற்கு அடியில் இன்னொரு டேப். அதற்கு அடியிலும். குழந்தையை எழுப்பு என்று கத்தினாள். எழுப்பினா எழல அண்ணி, தலை தொங்குது என்றாள் நாத்தனார். அதைக் கேட்ட பிறகு அண்ணி கிழித்தது மனுஷி கிழித்தது போல இல்லை. நகம் பிய்ந்தது. தாழ்ப்பாள் தட்டுப்பட்டதும் உடம்பையே கொடுத்துக் கதவை இழுத்தாள். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத் திறந்தது. டார்ச் எங்கோ விழுந்து அணைந்தது. நாத்தனார் குழந்தையை நீட்ட, அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையைப் பின்னால் நீட்டினாள்.

கை வந்து பிடித்துக்கொண்டது. பயத்தில் சில்லிட்டிருந்தது, பாவம்.

"விட்டுராத, வா" என்று இழுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து படியிறங்கினாள். ஓட்டமும் நடையுமாக. பின்னால் கால் சத்தம் கேட்டதா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவளுக்கு நினைவில்லை. கையை அவள் பிடித்திருந்தாள், கையும் அவளைப் பிடித்திருந்தது, அதுதான் தெரியும். வாசல் நிலையைத் தாண்டி வெயிலில் கால் வைத்தபோது அந்தக் கை மெதுவாக, விரல் விரலாக, விட்டுப் போனது. வெளிக்காற்று பட்டதும் பொடியன் ஒரு விக்கல் விக்கி வீறிட்டான். அந்த அழுகை அவளுக்கு அமிர்தமாக இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

பின்னால் யாரும் இல்லை.

மாடியில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. தொடர்ந்து டேப் இழுக்கும் சத்தம்.

தீயணைப்பு வண்டியும் நாத்தனார் புருஷனும் ஒரே நேரத்தில் வந்தார்கள். அவன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே ஓடினான். அண்ணி குழந்தையோடு பின்னால் ஓடினாள். கோடரியால் பிளந்தார்கள். மரம் பிளந்தது, அதற்குப் பின்னால் டேப் பிளக்கவில்லை. கோடரி அதில் சிக்கி நின்றது. பிடுங்கினால் பிளந்த இடம் ஒட்டிக்கொண்டது. சுவரை இடிக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். நாத்தனார் புருஷன் கதவை அறைந்து அவளைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரல் கம்மிப்போன பிறகுதான் உள்ளிருந்து பதில் வந்தது. ரொம்ப அமைதியாக, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி.

"இன்னும் முடியலையாம்."

"யாரு சொன்னா?" என்று அவன் கேட்டான்.

உள்ளே டேப் இழுக்கும் சத்தம்தான் கேட்டது.

தீயணைப்புக்காரர்களில் தலை நரைத்த ஒருவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. போன தடவையும் இதே அறைதான் என்று முணுமுணுத்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மீதி வந்தது. இவர்கள் குடிவருவதற்கு ரொம்ப முன்னால் இதே நிலையத்தில் ஒரு கசிவு. இந்த மாடியில் ஒரு பெண் தனியாக இருந்தாள். சொன்னபடியே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இந்த அறைக்குள் உட்கார்ந்தாள். கசிவு நின்றது, எல்லாத் தெருவுக்கும் சொன்னார்கள், இந்தத் தெருவுக்குச் சொல்ல விட்டுப்போனது. அவள் சொன்னதைத் தட்டாதவள் போல, கடைசிவரை கதவைத் திறக்கவே இல்லை. கதவை உடைத்து முதலில் உள்ளே போனவர் இவர்தான். அப்போது அவள் உயிரோடு இல்லை.

உள்ளே நாத்தனாரின் மூச்சு இப்போது கதவுக்கு வெளியேவே கேட்டது. கொர் கொர்ரென்று, இடைவெளி விட்டு.

அண்ணி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். கதவருகே மண்டிபோட்டு, பிளந்த மரத்தில் கன்னத்தை வைத்தாள். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. விட்டுப்போன ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. கூடப்பிறந்தவளிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அக்கா, முடிஞ்சிருச்சு அக்கா. உங்ககிட்ட யாரும் வந்து சொல்லல, தப்புதான். இப்ப நான் சொல்றேன். வெளிய காத்து நல்லா இருக்கு. அவளக் கூட்டிட்டு வெளிய வந்துருங்க. இனிமே தனியா இருக்க வேணாம், எங்ககூட வந்துருங்க."

டேப் சத்தம் நின்றது.

பிறகு அந்த இழுத்த மூச்சு, மரத்துக்கு அந்தப் பக்கம், அவள் கன்னத்துக்கு நேரே. டேப் முழுக்க ஒரேயடியாகக் காய்ந்து உதிர்ந்து விழுந்தது. கதவு தானாகத் திறந்தது. நாத்தனார் அறை வாசலிலேயே சுருண்டு கிடந்தாள். உயிர் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடியபோது, அண்ணி ஒரு கணம் நின்று அறையைப் பார்த்தாள். காலி. அந்த அடைந்த வாடைகூட இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டாள், நல்லபடியாகப் போகட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நாத்தனார் தேறி வந்ததும் அந்த வீட்டைக் காலி செய்தார்கள். அவள் புருஷன் வேறு வேலை தேடும்வரை தன் வீட்டில் இருக்கட்டும் என்று அண்ணி மூன்று பேரையும் தன் ஊருக்கே கூட்டிவந்துவிட்டாள். இங்கே எல்லா ஜன்னலும் எப்போதும் திறந்தே இருக்கும். மழை அடித்தால் நனையட்டும் என்று விட்டுவிடுவாள். நாத்தனாருக்கு மெல்ல மெல்லச் சிரிப்பு திரும்பியது. பொடியன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான். நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு நாள் காலை. ஆண்கள் இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். பொடியன் உள்ளறைத் தொட்டிலில் தூங்கினான். குளியலறைத் தரை வழுக்குகிறதே என்று அண்ணி ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. நெடி வீடெல்லாம் பரவியது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் மூக்கைச் சுளித்து, ஐயோ அண்ணி, அந்த வாசனையே வேணாம் என்றாள்.

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை.

பொடியன் விழித்து அழ ஆரம்பித்தான். நாத்தனார் போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து தோளால் முட்டினாள். உள்ளே அந்தச் சத்தம் கேட்டது, மெதுவாக, பொறுமையாக, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரைக்கும். அக்கா, ஒண்ணுமில்ல அக்கா, தரை கழுவினேன், அவ்வளவுதான் என்று அண்ணி கதவில் வாயை வைத்துக் கதறினாள். நான்தான் சொல்றேனே, முடிஞ்சிருச்சு, திறங்க என்று கெஞ்சினாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து கதவை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"ஷ்ஷ்… இன்னும் சொல்லல" என்றது உள்ளே ஒரு குரல். அவர்களிடம் இல்லை, குழந்தையிடம்.

அழுகை நின்றது. யாராவது தூக்கித் தோளில் போட்டுக்கொண்டால் நிற்குமே, அப்படி நின்றது.